டைட்டானியம் இம்ப்ளான்ட் மேல எலும்பு செல் நல்லா ஒட்டி வளர சர்ஃபேஸ் ட்ரீட்மென்ட் பண்றது எப்படி: டிஸ்க் வெட்டுறதுல இருந்து செல் டெஸ்ட் வரைக்கும்

இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்க கிட்ட முதல்ல நான் சொல்றது ஒன்னுதான், எலும்பு செல் டைட்டானியத்தை ஒருநாளும் தொடுறதே இல்ல. டைட்டானியத்தை காத்துல காட்டின அடுத்த கணமே அது மேல ஆக்சைடு படிஞ்சுடும், 2ல இருந்து 10 நானோமீட்டர் தடிமன்தான், ஆனா அந்த உலோகம் உடம்புக்குள்ள துருப்பிடிக்காம கிடக்கிறதே அந்தப் படலத்தாலதான். இம்ப்ளான்டை உள்ள வெச்சதும் அந்த ஆக்சைடு மேல முதல்ல தண்ணி ஒட்டும், அப்புறம் ரத்தத்துல இருக்கிற ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் மாதிரி புரோட்டீன் வந்து ஒட்டும், அதுக்கெல்லாம் அப்புறம்தான் செல் வந்து அந்தப் புரோட்டீனைப் பிடிச்சுக்கும். அதனால நாம பண்ற ட்ரீட்மென்ட் எல்லாமே அந்த மேல்தோலோட கதைதான், உள்ள இருக்கிற உலோகம் எவ்ளோ நல்லதா இருந்தாலும் மேல என்ன இருக்குன்னு தெரியலைன்னா ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்லாம போயிடும்.

ட்ரீட்மென்ட் எதுக்குன்னு ஒரு கேள்வி வரும். ஸ்வீடன்ல பிரானெமார்க்ங்கிற ஆராய்ச்சியாளர் 1952ல முயல் எலும்புக்குள்ள வெச்ச டைட்டானியம் சேம்பரை திரும்ப எடுக்க முடியாம எலும்பு இறுகப் பிடிச்சுகிட்டதைப் பார்த்தாரு, 1965ல முதல் முறையா ஒரு நோயாளிக்கு பல் இம்ப்ளான்ட் வெச்சாரு. அப்போ வெச்சதெல்லாம் லேத்ல கடைஞ்ச வழவழப்பான திருகுதான், கீழ்த்தாடைன்னா 3 மாசம், மேல்தாடைன்னா 6 மாசம் காத்திருந்துதான் மேல பல்லைப் பொருத்துவாங்க. அந்தக் காத்திருப்பைக் குறைக்கணும், எலும்பு தளர்ந்து போனவங்களுக்கும் பிடிக்கணும்னுதான் இத்தனை மெனக்கெடல்.

"வளர்ச்சி"ன்னா என்னன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க

இதைத் தாண்டிப் போனவங்கதான் நிறைய பேரு. செல் எண்ணிக்கை கூடுறது வேற, அந்த செல் முதிர்ந்து எலும்பை உண்டாக்குற செல்லா மாறுறது வேற. மைக்ரான் அளவு சொரசொரப்பா இருக்கிற டைட்டானியத்துல எலும்பு செல்லைப் போட்டா, வழவழப்பானதை விட எண்ணிக்கை பெரும்பாலும் கம்மியாதான் வரும், ஆனா செல் முதிர்ந்ததைக் காட்டுற ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸும் ஆஸ்டியோகால்சினும் கூடுதலா வரும். செல் பெருகுறதை நிறுத்திட்டு வேலைக்குப் போகுதுன்னு வெச்சுக்கோங்க. மூணாம் நாள் எம்டிடி (உயிரோட இருக்கிற செல் எவ்ளோன்னு பார்க்கிற டெஸ்ட்) மட்டும் பார்த்துட்டு "என் ட்ரீட்மென்ட் தோத்துடுச்சு"ன்னு நல்ல சர்ஃபேஸை தூக்கிப் போட்டவங்களை நானே பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருந்துச்சு. எண்ணிக்கைக்கு ஒரு டெஸ்ட், முதிர்ச்சிக்கு ஒரு டெஸ்ட், தாது படியுறதுக்கு ஒரு டெஸ்ட்னு மூணையும் ஆரம்பத்துலயே பிளான்ல எழுதிடுங்க.

உலோகம் எடுக்கிறது

சுத்த டைட்டானியம் கிரேடு 1ல இருந்து 4 வரைக்கும் இருக்கு, பல் இம்ப்ளான்டுக்கு அதிகமா போறது கிரேடு 4. இடுப்பு, முட்டி மாதிரி பாரம் தாங்குற இடத்துக்கு 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த அலாய். ரெண்டும் ஒன்னுதானேன்னு மாத்தி மாத்திப் போட்டுடாதீங்க. அலாய்ல ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு ஃபேஸ், அதாவது ரெண்டு விதமான படிக அமைப்பு இருக்கு, ஆசிட்லயோ ஃபுளோரைடுலயோ போட்டா ரெண்டும் ஒரே மாதிரி கரையாது, அனோடைஸ் பண்ணும்போது (கரன்ட் குடுத்து ஆக்சைடை வளர்க்கும்போது) பீட்டா இருக்கிற இடம் சீக்கிரம் கரைஞ்சு அங்கங்க நானோ குழாயே இல்லாம திட்டுத் திட்டா வரும். முதல் தடவை செய்றவங்க சுத்த டைட்டானியத்துல கத்துக்கிட்டு அப்புறம் அலாய்க்கு வாங்க. எல்லா டிஸ்க்கும் ஒரே ராடுல வெட்டினதா இருக்கட்டும், 24 வெல் பிளேட்டுல (செல் வளர்க்கிற 24 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு) உட்கார்ற மாதிரி விட்டம் பார்த்து வெட்டச் சொல்லுங்க.

தேய்க்கிறதும் கழுவுறதும்

320ல ஆரம்பிச்சு 600, 800, 1200னு சிலிக்கான் கார்பைடு எமரி பேப்பர்ல தண்ணி விட்டுகிட்டே தேய்க்கணும். ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் டிஸ்க்கை 90 டிகிரி திருப்பிக்கோங்க, பழைய கோடு முழுசா மறைஞ்சதும் அடுத்த பேப்பருக்குப் போகலாம். டைட்டானியம் பேப்பர்ல இழுவிக்கிற உலோகம், அழுத்தித் தேய்ச்சா கோடு போறதுக்குப் பதிலா உலோகமே மேல பூசின மாதிரி படிஞ்சுடும், அதனால கையை லேசா வெச்சு பேப்பரை அடிக்கடி மாத்துங்க.

அப்புறம் அல்ட்ராசானிக் பாத்ல அசிட்டோன், எத்தனால், டீஅயனைஸ்டு வாட்டர்னு வரிசையா 15 நிமிஷம் 15 நிமிஷம். அசிட்டோன் டிஸ்க் மேல காய விடாதீங்க, அதுல கரைஞ்சிருக்கிற எண்ணெய் எல்லாம் திரும்ப டிஸ்க் மேலயே ஒரு படலமா உட்கார்ந்துடும், ஈரத்தோட ஈரமா எத்தனாலுக்கு மாத்தணும். விரலால தொடுறதும் டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி எடுக்கிறதும் கூடவே கூடாது, இடுக்கியால ஓரத்தைப் பிடிச்சு நைட்ரஜன் வாயு அடிச்சுக் காய வைங்க. கடைசியா டிஸ்க்கை தண்ணில இருந்து சாய்ச்சு எடுத்துப் பாருங்க. தண்ணி ஒரே போர்வையா வழிஞ்சா பெரிய எண்ணெய்ப்பசை இல்லைன்னு அர்த்தம், நடுவுல விலகி முத்து முத்தா நின்னா திரும்ப முதல்ல இருந்து கழுவணும். ஒரு ரூபா செலவில்லாத இந்த டெஸ்ட் என் நோட்ல ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு வரியா இருக்கும்.

எந்த ட்ரீட்மென்ட்?

உலகத்துல அதிகமா பல் இம்ப்ளான்ட்ல போறதுல ஒன்னு மணல் அடிச்சு ஆசிட்ல எட்ச் பண்றது, எஸ்எல்ஏன்னு சொல்வாங்க. 250ல இருந்து 500 மைக்ரான் அலுமினா துகளை வேகமா அடிச்சா 20, 40 மைக்ரான் அகலத்துல பெரிய பள்ளம் விழும், அதுக்கப்புறம் ஹைட்ரோகுளோரிக்கும் சல்ஃப்யூரிக்கும் கலந்த சூடான ஆசிட்ல போட்டா அந்தப் பள்ளத்துக்குள்ளயே ஒன்னு ரெண்டு மைக்ரான்ல குட்டிக் குட்டிக் குழி விழும். பெரிய பள்ளம் எலும்பு இறுகிப் பிடிக்க, சின்னக் குழி செல்லுக்கு. சராசரி சொரசொரப்பு 1ல இருந்து 2 மைக்ரான் இருந்தா எலும்பு நல்லா பிடிக்குதுன்னு ரொம்ப காலமா ஒத்துக்கிட்டிருக்காங்க, இன்னும் சொரசொரப்பாக்கினா இன்னும் நல்லதுன்னு கிடையாது. அடிச்ச அலுமினா துகள் உள்ள புதைஞ்சு நிக்கும், ஈடிஎஸ்ல (மேல என்னென்ன தனிமம் இருக்குன்னு காட்டுற கருவி) அலுமினியம் பீக் பார்த்து உறுதி பண்ணிக்கோங்க, சுத்த டைட்டானியத்துல அலுமினியம் தெரிஞ்சா அது புதைஞ்ச துகள்தான். ஆசிட் எட்சிங்ல ஹைட்ரஜன் உள்ள இறங்கி மேல டைட்டானியம் ஹைட்ரைடு உண்டாகுறதும் சகஜம், எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே வெச்சு படிக அமைப்பைப் பார்க்கிறது) புதுசா ஒரு பீக் வந்தா பதறாதீங்க.

வீரியமான ஆசிட், துகள் அடிக்கிற மெஷின் எதுவும் கையில இல்லாதவங்களுக்கு நான் சொல்றது ஆல்கலி ஹீட் ட்ரீட்மென்ட், ஜப்பான்ல கொகுபோ குழுவினர் 1996ல வெளியிட்டது. இதுல ஒரு அடுப்பும் ஒரு ஃபர்னஸும் இருந்தா போதும், ஆனாலும் இது ஏதோ ஏழை வழி இல்ல, ஜப்பான்ல 2007ல இருந்து இடுப்பு மூட்டு இம்ப்ளான்டுக்கே போகுது.

5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தயார் பண்ணுங்க. கரைக்கும்போது நல்லா சூடேறும், அதனால பாத்திரத்தை தண்ணித் தொட்டில வெச்சு கொஞ்சம் கொஞ்சமா போடணும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம அந்தப் பக்கமே போகாதீங்க. பீக்கர் பிளாஸ்டிக்கா இருக்கட்டும், டெஃப்லானோ பாலிப்ரொப்பிலீனோ, ஏன்னா சூடான காரம் கண்ணாடியை அரிச்சு சிலிக்காவை உங்க டிஸ்க் மேல கொண்டு வந்து விட்டுடும். டிஸ்க் ஒன்னு மேல ஒன்னு படாம நிக்க வெச்சு 60 டிகிரில 24 மணி நேரம் ஊறப்போடுங்க. எடுத்து தண்ணில மெதுவா அலசி காய வைங்க, இந்த நேரத்துல மேல இருக்கிறது ஈரப்பசையுள்ள சோடியம் டைட்டனேட் ஜெல், நகம் பட்டாலே வழிஞ்சு வந்துடும். அப்புறம் ஃபர்னஸ்ல நிமிஷத்துக்கு 5 டிகிரின்னு ஏத்தி 600 டிகிரில ஒரு மணி நேரம் வெச்சு, ஃபர்னஸுக்குள்ளயே ஆற விடுங்க. அவசரப்பட்டு கதவைத் திறந்தா படலம் வெடிப்பு விடும். எஸ்இஎம்ல (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பார்த்தா சிலந்தி வலை பின்னின மாதிரி நுண்ணிய துளைங்களா தெரியும், முதல் தடவை அதைப் பார்க்கும்போது வர்ற சந்தோஷமே தனி.

இது ஏன் வேலை செய்யுதுன்னா, உடம்பு திரவத்துல வெச்சதும் அந்தப் படலத்துல இருக்கிற சோடியம் அயனி வெளிய வந்து, அதுக்குப் பதிலா திரவத்துல இருக்கிற ஹைட்ரோனியம் உள்ள போகும், மேல டைட்டானியம் ஹைட்ராக்சில் உண்டாகும், பக்கத்துல பிஹெச் ஏறும். எதிர்மின் சுமை உள்ள அந்த சர்ஃபேஸ் கால்சியத்தை இழுக்கும், கால்சியம் பின்னாடியே ஃபாஸ்ஃபேட் வரும், கடைசில எலும்புல இருக்கிற மாதிரியே அபடைட்ங்கிற கால்சியம் ஃபாஸ்ஃபேட் தாது படியும். அதாவது செல்லுக்குப் பழக்கமான தரையை உடம்பே போட்டுக்குது.

எஸ்பிஎஃப்ல ஊறப்போட்டுப் பார்க்கிறது

செல்லுக்குப் போறதுக்கு முன்னாடி சிமுலேட்டட் பாடி ஃபுளூயிட்ல ஒரு சோதனை. ரத்த பிளாஸ்மாவோட அயனி அளவை ஒட்டினது, சோடியம் 142, கால்சியம் 2.5, ஃபாஸ்ஃபேட் 1 மில்லிமோலார், பிஹெச் 7.4, வெப்பம் 36.5 டிகிரி. உப்புங்களை ஒன்னு முழுசா கரைஞ்ச பிறகுதான் அடுத்தது, வரிசை மாறக்கூடாது, நடுவுல லேசா கலங்கினாலும் மொத்தத்தையும் கொட்டிட்டு புதுசா ஆரம்பிங்க. கீறல் விழுந்த பாத்திரமும் கண்ணாடிப் பாத்திரமும் வேண்டாம், அபடைட் டிஸ்க்குல படியாம அந்தக் கீறல்ல படிய ஆரம்பிச்சுடும். அளவுக்கு ஒரு கணக்கு இருக்கு, டிஸ்க்கோட மொத்தப் பரப்பை சதுர மில்லிமீட்டர்ல எடுத்து பத்தால வகுத்தா அத்தனை மில்லி. 10 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள டிஸ்க்குக்கு பரப்பு 220 வருது, அப்போ 22 மில்லி. ட்ரீட்மென்ட் சரியா வந்திருந்தா ஒரு வாரத்துக்குள்ள எஸ்இஎம்ல குட்டிக் குட்டி உருண்டைங்களா அபடைட் தெரியும். வெறும் டைட்டானியம் ஒன்னையும் கூடவே ஊறப்போடுங்க, அதுல எதுவும் வரக்கூடாது, வந்தா உங்க எஸ்பிஎஃப்லதான் தப்பு.

நானோ குழாய், கூடவே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை

டிஸ்க்கை பாசிடிவ்லயும் பிளாட்டினத்தை நெகடிவ்லயும் மாட்டி 0.5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்ல 5, 10, 15, 20 வோல்ட் குடுத்தா கிட்டத்தட்ட 30, 50, 70, 100 நானோமீட்டர் விட்டத்துல குழாய் வரும், 20, 30 நிமிஷம் போதும். கரன்ட் மீட்டரைப் பார்த்துகிட்டே இருங்க. முதல்ல கரன்ட் சட்டுனு விழும், அது ஆக்சைடு மூடுறது, அப்புறம் லேசா ஏறும், அது ஃபுளோரைடு ஓட்டை போடுறது, அப்புறம் ஒரே நிலைல நிக்கும், அதுதான் குழாய் வளர்றது. அந்த நடு ஏத்தம் வரலைன்னா பெரும்பாலும் குழாயும் வந்திருக்காது. முடிச்சதும் அலசி 450 டிகிரில 2 மணி நேரம் வெச்சா படிக உருவமில்லாம இருந்த ஆக்சைடு அனடேஸ்ங்கிற படிகமா மாறும், எக்ஸ்ஆர்டில 25.3 டிகிரில பீக் பார்க்கலாம்.

எச்சரிக்கையை கவனமா படிங்க. 0.5 சதவீதம்தானேன்னு ஹைட்ரோஃபுளோரிக்கை சாதாரணமா நினைக்காதீங்க. நீர்த்த ஆசிட் பட்டா அந்த நேரத்துல வலிக்கவே வலிக்காது, மணிக்கணக்குக்கு அப்புறம்தான் வலி வரும், அதுக்குள்ள அது தோல் வழியா இறங்கி உடம்புல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். நீங்க கலக்குறதுக்கு எடுக்கிற ஸ்டாக் பாட்டில் உயிருக்கே ஆபத்து. கால்சியம் குளூகோனேட் ஜெல் கைக்கெட்டுற தூரத்துல இல்லாம, அதோட தேதி பார்க்காம, பக்கத்துல விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் இல்லாம பாட்டிலைத் திறக்கவே திறக்காதீங்க. பட்டுடுச்சுன்னா உடனே தண்ணில கழுவி ஜெல்லைத் தடவி ஆஸ்பத்திரிக்குப் போங்க, வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. கண்ணாடிப் பாத்திரமும் கூடாது, அது கண்ணாடியைத் தின்னுடும். ராத்திரி தனியா உட்கார்ந்து செய்ற வேலை இல்ல இது.

எந்த விட்டம் நல்லதுன்னு கேட்டா நேர் பதில் கிடையாது. 2007ல ஜெர்மனி எர்லாங்கன் குழு 15 நானோமீட்டர்ல செல் நல்லா ஒட்டுது, 100ல செத்துப் போகுதுன்னு சொன்னாங்க. 2009ல அமெரிக்கால சான் டியாகோ குழு 30ல ஒட்டுது, 70ல இருந்து 100 வரைக்கும் போனாதான் ஸ்டெம் செல் நீண்டு எலும்பு செல்லா மாறுதுன்னாங்க. செல் பிடிச்சுக்கிற இன்டெக்ரின் தலையோட அளவு 10 நானோமீட்டர் வாக்குல, அதனால 15க்கு ஒரு நியாயம் இருக்கு. ஆனா எலக்ட்ரோலைட், சூடு குடுத்த விதம், ஸ்டெரிலைஸ் பண்ண விதம்னு எது மாறினாலும் ரிசல்ட் மாறலாம். என் கருத்து, யாரோட நம்பரையும் அப்படியே எடுக்காம உங்க கண்டிஷன்ல ரெண்டு மூணு விட்டத்தை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

பிளாஸ்மா ஸ்ப்ரேல ஹைட்ராக்ஸிஅபடைட் பூசுறது, உயர் வோல்டேஜ்ல மைக்ரோ ஆர்க் பண்றது எல்லாம் பெரிய மெஷின் வேலை. பூச்சு உரிஞ்சு வர்ற பிரச்சனை ஸ்ப்ரேல இருக்குன்னு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

நல்லா செஞ்ச சர்ஃபேஸ் அலமாரில கெட்டுப் போறது

என் ஆரம்ப நாள்ல ட்ரீட் பண்ண டிஸ்க் எல்லாத்தையும் ஜிப் கவர்ல போட்டு மூணு வாரம் டிராயர்ல வெச்சிருந்தேன், எடுத்து செல் போட்டா ஒட்டுறது பாதியா இருந்துச்சு, செல் மேல சந்தேகப்பட்டேன், சீரம் மேல சந்தேகப்பட்டேன், பாட்டில் பாட்டிலா மாத்தினேன். கடைசில ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பார்த்தா, செஞ்ச அன்னைக்கு விட்ட உடனே படர்ந்து காணாம போன சொட்டு இப்போ குண்டா உருண்டு நிக்குது. காத்துல இருந்தும் கவர்ல இருந்தும் ஹைட்ரோகார்பன் படிஞ்சிருக்கு. இதுக்கு டைட்டானியத்தோட வயசாகுறதுன்னே பேரு. கலிஃபோர்னியால ஒகாவா குழு 2009ல இதை நல்லா காட்டினாங்க, அதே ஆக்சைடு மேல யூவி பாய்ச்சினா அந்தக் கார்பன் போயி திரும்ப தண்ணியை இழுக்குது, எலி எலும்புல 4 வாரத்துல எலும்பு ஒட்டின பரப்பு 55 சதவீதத்துக்குக் கீழ இருந்தது 98.2 சதவீதம் வரைக்கும் போச்சு. எஸ்எல்ஏவையே காத்து படாம நைட்ரஜன் சூழல்ல அலசி உப்புத் தண்ணிக்குள்ளயே அடைச்சு விக்கிறதும் இதே காரணத்துக்குத்தான். அதனால ட்ரீட்மென்ட் பண்ண தேதியை டிஸ்க் டப்பா மேல எழுதுங்க, கண்ணாடி டப்பால வைங்க, முடிஞ்சா ஒரே வாரத்துக்குள்ள செல் போட்டுடுங்க, ஒப்பிட வைக்கிற கன்ட்ரோல் டிஸ்க்கும் அதே வயசுல இருக்கணும்.

ஸ்டெரிலைஸ் பண்றதும் ட்ரீட்மென்ட்தான்னு நினைச்சுக்கோங்க. ஆட்டோகிளேவ்ல 121 டிகிரி நீராவி டிஸ்க் மேல அழுக்கையும் கொண்டு வரும், தண்ணிச் சொட்டு டிஸ்க்கோட பண்ற கோணமும் ஏறும், அதாவது சொட்டு படராம உருண்டு நிக்கும். ஸ்டெரிலைஸ் பண்ணதுக்கு அப்புறமும் ஒரு டிஸ்க்குல கோணம் அளந்து எழுதுங்க, ஏன்னா செல் பார்க்கப் போறது அந்த சர்ஃபேஸைத்தான். ஒரு விஷயம், சொரசொரப்பும் கோணத்தை மாத்தும், அதனால வழவழ டிஸ்க்கோட கோணத்தையும் சொரசொர டிஸ்க்கோட கோணத்தையும் நேரா ஒப்பிட்டு கெமிஸ்ட்ரி மாறிடுச்சுன்னு சொல்லிடாதீங்க. அதுக்கு எக்ஸ்பிஎஸ் வேணும், மேல 5, 10 நானோமீட்டர்ல என்ன இருக்குன்னு அதுதான் சொல்லும், கார்பன் எவ்ளோன்னு முதல்ல பாருங்க.

செல் போடுறது

ஆரம்பத்துக்கு எம்சி3டி3-ஈ1 எலி செல் நல்லது. வளர்க்கும்போது அஸ்கார்பிக் ஆசிட் இல்லாத ஆல்ஃபா எம்ஈஎம் மீடியம்தான் (செல் வளர்ற ஊட்டத் திரவம்) எடுக்கணும், சாதாரண ஆல்ஃபா எம்ஈஎம்ல அது ஏற்கனவே இருக்கு, ஃப்ளாஸ்க்லயே முதிர ஆரம்பிச்சுடும். டிஸ்க்குல ஒட்டின பிறகு அஸ்கார்பிக் ஆசிட் மில்லிக்கு 50 மைக்ரோகிராமும் பீட்டா கிளிசரோஃபாஸ்ஃபேட் 10 மில்லிமோலாரும் சேர்த்து முதிர வைங்க.

செல்லை கொஞ்சம் மீடியத்துல கலக்கி டிஸ்க் நடுவுல சொட்டா விட்டு, ஒரு மணி நேரம் ஒட்ட விட்டு, அப்புறம் வெல்லை நிரப்புங்க. எவ்ளோ பார்த்தாலும் சில செல் வழிஞ்சு பிளாஸ்டிக்ல ஒட்டும், அதையும் சேர்த்து அளந்தா டிஸ்க்குக்கும் பிளாஸ்டிக்குக்கும் சேர்த்த நம்பர்தான் வரும். அதனால எந்த டெஸ்டுக்கும் முன்னாடி டிஸ்க்கை இடுக்கியால எடுத்து புது வெல்லுக்கு மாத்துங்க. இந்த ஒரு வேலையை விட்டதால எத்தனை டேட்டா வீணாப் போயிருக்கும்னு நினைச்சா வயிறு எரியுது.

ஒட்டினதைப் பார்க்க 4 மணி நேரம், 24 மணி நேரம்; செல்லுக்கு வடிவம் குடுக்கிற ஆக்டின் இழைக்கு ஃபேலாய்டின் சாயம், நியூக்ளியஸுக்கு டாபி சாயம், ஒட்டுப் புள்ளிக்கு அங்க இருக்கிற வின்குலின் புரோட்டீனைப் பாருங்க. எண்ணிக்கைக்கு 1, 3, 7 நாள். ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸுக்கு 7, 14 நாள், 405 நானோமீட்டர்ல அளந்து மொத்த புரோட்டீனாலயோ டிஎன்ஏவாலயோ வகுக்கணும், வகுக்கலைன்னா செல் அதிகமா இருக்கிற டிஸ்க்கே ஜெயிக்கும். தாதுக்கு 21, 28 நாள் அலிசரின் ரெட், சாயத்தை 10 சதவீத செடில்பிரிடினியம் குளோரைடுல கரைச்சு 562 நானோமீட்டர்ல படிக்கலாம்.

அலிசரின்ல ஒரு கண்ணி இருக்கு. அது கால்சியத்தைத்தான் சாயம் போடும், அந்தக் கால்சியம் செல் போட்டதா, மீடியத்துல இருந்து தானா படிஞ்சதான்னு அதுக்குத் தெரியாது. ஆல்கலி ஹீட் பண்ண டிஸ்க் செல்லே இல்லாம கால்சியத்தை இழுக்கும்னு மேல பார்த்தோம். அதனால ஒவ்வொரு ட்ரீட்மென்டுலயும் மூணு டிஸ்க்கை செல் இல்லாம, அதே மீடியத்துல, அதே நாள் மாத்தி மாத்தி 28 நாளும் வெச்சிருந்து, அதையும் சாயம் போட்டு அந்த அளவைக் கழிச்சுட்டுத்தான் உங்க நம்பரை எழுதணும்.